அண்டை அயலாரை அறிவோம்

புதிய ஊரில் குடியேறும் தமிழ்க் குடும்பம் முதலில் செய்யும் காரியம் அண்டை அயலாரை விசாரிப்பதுதான். மேல்மாடியில் இருப்பவர் யார், எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர்க்காரர், பால் எங்கே கிடைக்கும், காய்கறி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பனவெல்லாம் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். அதே தெருவில் தமிழ் பேசும் வீடு ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டாலோ, அன்று மாலையே அறிமுகமும் ஆகிவிடும். ஆயினும், நமக்கு முன்பே பல தலைமுறைகளாக அத்தெருவில் குடியிருக்கும் வேறு சில அயலாரை நாம் விசாரிப்பதே இல்லை. வாயிலில் நிற்கும் மரத்தையும், அதன் பொந்தில் குடும்பம் நடத்தும் பறவையையும், தொட்டிச் செடியைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சியையும் குறித்தே இவ்வாறு சொல்கிறோம்.

இந்த விசாரணை நமக்குப் பழக்கமில்லாததும் அன்று. உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்து, அது வந்து கொத்தும்வரை காத்து நிற்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தில்லியின் நான்காம் மாடிக் கைப்பிடிச் சுவரிலும் அந்தப் பிடி சோறு வைக்கப்படுவதைப் பார்க்கிறோம். நாள்தோறும் ஒரு பறவைக்காகக் காத்து நிற்கத் தெரிந்தவர்கள், மற்ற பறவைகளையும் ஒருகணம் நின்று பார்ப்பது அரிதாகுமா? இன்று அதற்குக் கருவியும் கையிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் நிழற்படம் எடுக்கவல்ல கைபேசி ஒன்றேனும் உண்டு. பிறந்தநாளையும் பண்டிகையையும் படம் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டியதில்லை.

இதை வெறும் பொழுதுபோக்காக நாம் பரிந்துரைக்கவில்லை. வெளியூரில் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். சோறு, குழம்பு, அத்தை, சித்தப்பா என்ற சொற்கள் நாள்தோறும் வாயில் வழங்குவதால் பிழைத்திருக்கின்றன. ஆனால் செடிகொடிகளின் பெயர்களும் பறவைகளின் பெயர்களும் அப்படிப் பிழைப்பதில்லை. ஒருவர் விரலைச் சுட்டி, ‘அதோ பார், அது இன்னது’ என்று சொன்னால்தான் அவை அடுத்தவர் காதுக்குச் சென்று சேரும். பாட்டிக்கு ஐம்பது பெயர்கள் தெரிந்திருக்கும். தாய்க்குப் பதினைந்து தெரியும். மகளுக்கோ ‘ஏதோ ஒரு குருவி’ என்பதற்குமேல் தெரியாது. இந்தச் செல்வத்தை யாரும் வேண்டுமென்று கைவிடவில்லை. சுட்டிக்காட்ட மறந்தார்கள், அவ்வளவே. எடுத்த படத்தின் கீழ் ஒரு தமிழ்ப் பெயரை எழுதிவைப்பது, அந்தச் சுட்டுவிரலை மீண்டும் நீட்டுவதற்கு ஒப்பாகும்.

தொடங்குவதற்குத் தெருவுக்குக்கூட இறங்க வேண்டாம். தமிழர் குடியிருக்கும் வீட்டை அடையாளம் காட்டும் கறிவேப்பிலைத் தொட்டி போதும். தில்லியின் குளிரில் அச்செடி வாடி இலையுதிர்த்து நிற்கும். குளிர் நீங்கியதும் இளந்தளிர் விடும். வெயில் ஏறிய பின்னர் ஒருநாள், அந்தத் தளிரில் பறவையின் எச்சம்போல ஏதோ ஒன்று ஒட்டியிருப்பதை இல்லத்தரசியார் காண்பார். அஃது எச்சமன்று, ஒரு வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. தன்னைத் தின்ன வரும் பறவையை ஏமாற்றவே அவ்வுருவம் கொண்டிருக்கிறது. சில நாளில் தோலுரித்துப் பச்சை நிறம் பெறும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போன்ற உறுப்பை நீட்டிக் கடுநாற்றம் வீசும். வழக்கமாக இந்த இடத்தில்தான் அதன் ஆயுள் முடிந்துபோகிறது. செடியைக் காக்க வேண்டுமென்று நசுக்கிவிடுகிறோம்.

நசுக்காமல் நாளுக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சில இலைகள் போகும். செடி மறுபடி தழைக்கும். புழு ஒருநாள் உண்பதை நிறுத்தி, தண்டில் ஒரு நூலிழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு மாதத்தில், கரிய இறகின்மேல் வெண்புள்ளி வரிசையுடன் ஒரு வண்ணத்துப்பூச்சி வெளிப்படும். அதற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர். எலுமிச்சைச் செடி வைத்திருப்போர் வீட்டுக்கு அதன் உறவினளான எலுமிச்சை அழகி வருவாள். கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் ஒருவகை, பறவைகள் கசப்பென்று ஒதுக்கும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேடத்தைப் புனைந்துகொண்டு திரிகிறது. இவ்வளவு பெரிய நாடகம் ஒரு மண்தொட்டியில் நடைபெறும்போது, குழந்தைகளை உயிர்க்காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்ல விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பானேன்?

இனித் தெருவுக்கு வருவோம். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911-இல் வெளியாயிற்று. அதன்பின் புதுதில்லியை எழுப்பியவர்கள் சாலைதோறும் ஒரே இன மரத்தை வரிசையாக நடச் செய்தார்கள். அம்மரங்களை உற்று நோக்கினால், அயலூருக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் சற்றுத் தளர்ந்துபோகும். கர்த்தவ்ய பாதை என்று 2022-இல் பெயர் மாறிய ராஜபாதையின் புல்வெளிகளில் நிற்பது நாவல். முருகன் ஔவையாரைச் ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ என்று கேட்டதாகக் கதை வழங்குகிறதே, அதே நாவல்தான். இங்கே அதனை ஜாமுன் என்பர். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அதன் பழம் உதிர்ந்து நடைபாதை முழுவதும் ஊதா நிறமாகும். ஜனபத் சாலையில் வெளிறிய பட்டையுடன் ஓங்கி நிற்பது நீர்மருது. காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது பழைய நண்பன். இங்கு அர்ஜுன் என்ற பெயரோடு வாழ்கிறது. அக்பர் சாலையிலும் திலகர் மார்க்கிலும் புளிய மரங்கள் நிற்கின்றன. சாந்தி பாதையில் மே மாதத்து வெயில் ஏற ஏறப் பொன்னைச் சரம் சரமாகத் தொங்கவிடும் அமல்தாஸ், சிவபெருமான் சூடும் நம் கொன்றையேயாகும்.

நகரத்தின் நடுவே நீண்டு கிடக்கும் பாறைக் குன்றுத் தொடருக்குச் செல்வோர், அங்கே மண்டிக் கிடக்கும் முள்மரத்தைக் காணலாம். இங்குள்ளோர் அதை விலாயதி கீகர் என்பர். இராமநாதபுரத்துக்காரர் எவரும் அதை ஒரே பார்வையில் இனங்கண்டுகொள்வார். அது சீமைக் கருவேலம். பிரிட்டிஷ் ஆட்சியின்போது இங்கே நடப்பட்டு, பின்னர் பிற செடிகளை நெருக்கித் தள்ளிப் பரவிவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரு மண்ணும் ஒரே தொல்லைக்கு ஆளாகியிருப்பதை, ஒரு மரத்தின் படமே நமக்குக் காட்டிவிடுகிறது. தில்லி மரங்களைப் பற்றிப் பிரதீப் கிருஷன் 2006-இல் வெளியிட்ட ஆங்கில நூல், இலையையும் காயையும் கொண்டு மரத்தை அறிய விரும்புவோர்க்கு நல்ல துணை.

பறவைகளிடம் வருவோம். கோடை இரவுகளில், உறங்கும் நேரத்தில், வானத்தில் யாரோ பதறிக் கத்திக்கொண்டு போவதுபோன்ற குரலை நீங்கள் கேட்டிருக்கலாம். அதன் இந்திப் பெயர் டிடஹரி. ஆள் நடமாட்டம் கண்டதும் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுப்பதால் நம் முன்னோர் அதற்கு ஆள்காட்டி என்று பெயரிட்டனர். தரையிலேயே கூழாங்கற்களுக்கிடையில் கல்லின் நிறத்திலேயே முட்டையிடும். நகரில் தட்டையான மொட்டைமாடிகளிலும் இடுவதுண்டு. பூங்காவின் அரச மரத்திலிருந்து, செம்புப் பாத்திரத்தைச் சிறு சுத்தியால் தட்டுவதுபோல ‘டுக், டுக்’ என்று இடைவிடாது கேட்கும் ஒலி குக்குறுவானுடையது. குரலைக் கேட்டவர் ஆயிரம் பேர் இருப்பர். நெற்றியில் சிவப்பும் உடலில் பச்சையும் கொண்ட அச்சிறு பறவையைக் கண்டவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

அத்திப் பழமும் ஆலம்பழமும் பழுக்கும் இடங்களில் சாம்பல் நிற இருவாச்சியும் தில்லியில் வாழ்கிறது. லோதி பூங்காவில் காலை உலாவச் செல்வோர் அதைக் காணலாம். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை ஒரு பிளவளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை பல வாரங்கள் அப்பிளவு வழியே உணவூட்டிக் காக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு செல்ல இயலாத தூரத்தில் குடித்தனம் நடத்தும் நம் இளம் தம்பதிகளுக்கு இப்பறவையின் பாடு எளிதில் விளங்கும்.

எப்போதும் கூட்டமாகத் தரையில் சருகைக் கிளறிச் சச்சரவிடும் மண்நிறப் பறவைகளை இங்குள்ளோர் ‘சாத் பாயீ’, அதாவது ஏழு சகோதரர் என்பர். ஆங்கிலேயர் அவற்றையே ஏழு சகோதரிகள் ஆக்கினர். நமக்கு அவை தவிட்டுக்குருவியின் இனத்தைச் சேர்ந்த சிலம்பன்கள். ஜூன் இறுதியில் மழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வரும் சுடலைக்குயில், இந்த ஏமாளிகளின் கூட்டில்தான் தன் முட்டையை இட்டுச் செல்கிறது. வடநாட்டார் மழைத்துளியை எதிர்நோக்கும் சாதகப் பறவை என்று போற்றுவது அதைத்தான். தென்னாட்டிலோ அதே குயிலின் மற்றொரு பிரிவு ஆண்டு முழுவதும் தங்கி வாழ்கிறது. ஒரே குலத்தில் ஊரோடு இருப்பவரும் உண்டு, கடல் கடப்பவரும் உண்டு என்பதற்கு நம் குடும்பங்களைத் தவிர வேறு சான்று வேண்டுவோர் இதனைக் கொள்ளலாம்.

‘தினந்தோறும் காண்பதைப் படம் எடுப்பானேன்? அரிதாக எதையாவது கண்டால் எடுக்கலாமே’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு விடையாகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் வரலாற்றைச் சொல்வோம். தில்லி மாநகரில் இரைகொல்லிப் பறவைகள் வியக்கத்தக்க பெருந்தொகையில் வாழ்வதாக 1971-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. பருந்துகளோடு வெண்முதுகுப் பாறுகளும் இந்நகரின் மரங்களில் கூடு கட்டிய காலம் அது. அக்காலத்தில் இங்கு வந்து சேர்ந்த நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வானத்தில் அவை வட்டமிட்டதைச் சொல்வார்கள். அவர்களுடைய பழைய படத் தொகுப்பைப் புரட்டினால், இந்தியா கேட்டும் குதுப்மினாரும் இருக்கும், பாறு இருக்காது. தெருவில் கிடக்கும் மாட்டைத் தின்னும் பறவைக்காகப் படச்சுருளில் ஓர் இடத்தைச் செலவிட யார்தான் மனம் கொள்வார்?

1990-களில் அவை மளமளவென்று மடிந்தன. காரணம் பல ஆண்டுகள் புலப்படவில்லை. கால்நடைகளின் வலிக்குக் கொடுக்கப்படும் டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்பது 2004-இல் தெளிவாயிற்று. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதற்கு 2006-இல் இந்திய அரசு தடை விதித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் குறைந்துபோயின. தென்னாட்டில் அவை இன்று எஞ்சியிருக்கும் சில இடங்களுள் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு தலையாயது. ‘எங்கும் இருக்கிறது’ என்று அலட்சியம் செய்த ஒன்று ஒரு தலைமுறைக்குள் இல்லாமற்போனது. அரியவற்றுக்குக் காவலர் உண்டு. சாதாரணமானவற்றுக்குச் சாட்சிகூட இல்லை.

சிட்டுக்குருவியின் கதை சற்று வேறுவிதமானது. குறைந்து வருகிறது என்ற கவலையால் தில்லி அரசு 2012-இல் அதனை மாநிலப் பறவையாக அறிவித்தது. நாடெங்கும் திரட்டிய குறிப்புகளை 2020-இல் தொகுத்துப் பார்த்தபோது, நாட்டளவில் அதன் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருப்பதும், பெருநகரங்களில் குறைந்திருப்பதும் தெரியவந்தன. இந்த வேற்றுமை எவ்வாறு புலனாயிற்று? ஆங்காங்கே சாதாரண மக்கள் தாம் கண்டதை நாளும் இடமும் குறித்து வைத்ததால்தான். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்தது; அதற்கு ஆதாரம் 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் தந்த ஏறத்தாழ 3 கோடிக் குறிப்புகள். அவர்களுள் மிகப் பலர் விஞ்ஞானிகள் அல்லர், நம்மைப் போன்றவர்களே.

இத்துறையில் நமக்கு வழிகாட்டியாக ஒரு தமிழரே இருந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996), சென்னையில் இருந்துகொண்டே கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் தம் மறைவுவரை நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கையைப் பற்றிய தொடர்பகுதி ஒன்றை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ்பெற்ற அவர், வீட்டைச் சுற்றித் திரியும் அணிலையும் காக்கையையும் அதே கவனத்தோடு எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்ற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை.

இனிச் செய்முறை. படம் எடுப்பதற்கு ஏற்ற நேரம் காலை இளவெயில். ஒளி நம் முதுகுப்புறத்திலிருந்து விழட்டும். மரத்தைப் படமெடுக்கும்போது முழு உருவம், பட்டை, இலையின் இரு பக்கம், பூ, காய் என்று தனித்தனியே எடுத்தால்தான் பின்னர் இனங்காண முடியும். பறவையைத் துரத்தக் கூடாது. ஓரிடத்தில் அசையாது பத்து நிமிடம் இருந்தால் அதுவே அருகில் வரும். படம் மங்கலாக அமைந்தாலும் பாதகமில்லை. நாளும் இடமும் எழுதப்பட்ட மங்கல் படம், குறிப்பில்லாத அழகிய படத்தினும் மேலானது. கூட்டின் அருகே செல்லுதல், மறைக்கும் இலையை ஒடித்தல், குஞ்சைக் கையிலெடுத்தல் ஆகிய மூன்றும் ஒருபோதும் கூடா. ஒடித்த இலை வழியே நாம் பார்ப்பதைக் காக்கையும் பார்க்கும். குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதச் செய்யுங்கள்: நாள், இடம், தமிழ்ப் பெயர், இவ்வூர்ப் பெயர். தமிழ்ப் பெயர் தெரியவில்லையென்றால் ஊரிலிருக்கும் தாத்தாவுக்குப் படத்தை அனுப்பிக் கேட்கட்டும். இவ்வூர்ப் பெயரைத் தோட்டக்காரரிடமோ காய்கறி விற்பவரிடமோ கேட்கட்டும். பேசுவதற்குப் பொருளின்றி ‘சாப்பிட்டாயா?’ என்பதோடு முடியும் தொலைபேசி உரையாடல்களுக்கு இதனால் ஒரு பொருள் கிடைக்கும். இரு பெயரையும் அறிந்த குழந்தை இரு ஊருக்கும் உரியதாகும்.

நம் பண்டிகைகளையே குறிப்பு நாட்களாகவும் கொள்ளலாம். சித்திரை முதல் நாளன்று பச்சடிக்கு வேப்பம்பூ தேடி அலைகிறோமல்லவா? அந்த ஒரு நாளில் ஆண்டுதோறும் ஒரே வேம்பை ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். பூத்திருக்கிறதா, மொட்டாக இருக்கிறதா, வெறும் தளிரா என்று எழுதுங்கள். பத்து ஆண்டுகள் சேர்ந்தால், பருவம் மாறுகிறதா என்பதற்கு உங்கள் வீட்டிலேயே ஓர் ஆவணம் இருக்கும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. பிப்ரவரியில் உலகளவில் நான்கு நாள் நடைபெறும் கணக்கெடுப்பிலும் 2013 முதல் இந்தியர்கள் பங்குகொள்கிறார்கள். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதையெல்லாம் எண்ணி எழுதுவதே அதன் முறை. மாடி முகப்பில் நின்றும் செய்யலாம்.

பிற நகரங்களில் வாழும் அன்பர்கள் மரங்களையும் பறவைகளையும் தத்தம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் அறிந்துவிட வேண்டுமென்பதில்லை. அடுத்த இதழ் தங்கள் கைக்கு வருவதற்குள், வாயிலில் நிற்கும் ஒரு மரத்தின் பெயரையேனும் வீட்டார் அனைவரும் அறிந்து, அதன் படம் ஒன்றும் நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரிகளும் சேர்ந்திருக்குமாயின், இப்பகுதியை எழுதியதன் பயன் கிட்டியதாக மகிழ்வோம்.